துறக்கிறேன் என்றொரு கட்டம்

நவம்பரில் துலூத் நகரத்து ஏரி
இன்னும் உறைந்திருக்காது.
உறையலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.
இரும்புத்தாது ஏற்றிய கப்பலொன்று
பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கூவியபோது
என் வகுப்பறைக்கு வந்தாள் ஐலி கோர்ப்பெலா,
காலணியில் பனிச்சேறு,
கையில் படிவம்.

"பரிந்துரைக் கடிதத்தைப் படிக்கும் என் உரிமையைத் துறக்கிறேன்."
கீழே இரண்டு கட்டங்கள்.
எல்லோரும் முதல் கட்டத்தில்தான் குறியிடுவார்கள்.
ஆலோசகர் பிராண்ட்வோல்ட் ஆண்டுதோறும் சொல்வார்:
"துறந்துவிடுங்கள் பிள்ளைகளே.
படிக்க ஆசைப்பட்டவரின் கடிதத்தைக்
கல்லூரி நம்பாது."
வாக்களிக்கும் வயதுகூட வரவில்லை,
அதற்குள் ஒரு துறவு.

ஐலி இரண்டாவதில் குறியிட்டிருந்தாள்.
அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.
"நான் படிக்க முடியாதென்றால்
வேறென்ன எழுதுவீர்கள், மிஸ் ஓஸ்ட்பி?"
கோபமில்லை அந்தக் குரலில்.
அமிலத்தின் செறிவு என்ன என்று கேட்கிற
அதே குரல்.

பள்ளி மணி என்னைக் காப்பாற்றும் என்று பார்த்தேன்.
அடிக்கவில்லை.

அன்றிரவு பழைய கோப்பைத் திறந்தேன்.
பன்னிரண்டு ஆண்டுகள், நூற்று நாற்பத்தாறு கடிதங்கள்.
'விடாமுயற்சி' தொண்ணூற்றொரு முறை
வந்திருப்பதாகக் கணினி சொல்லிக்காட்டியது.
டோவா என்றொருத்தியைப் பற்றி
இரண்டு பத்தி உருகியிருக்கிறேன்.
முகத்துக்கு நேரே அவளிடம் சொன்னதெல்லாம்
"கண்ணாடியைப் போட்டுக்கொள், கரைசல் தெறிக்கும்."
மூடிய உறைக்குள் அன்பும்தான் கிடக்கிறது,
வெட்கப்பட்டு.

பிறகு வெண்டெல் சாதர்.
எல்லாம் நல்ல வாக்கியங்கள், ஒன்றைத் தவிர:
'நெருக்கடி வந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறான்.'
பொய்யில்லை.
அந்த மார்கழிக் குளிரில் அவன்
இரவெல்லாம் மீன் பதனிடும் ஆலையில் நின்றான்,
அப்பாவின் முதுகு ஒடிந்த இடத்தில்.
எனக்கு அது தெரிந்தது மறுவருடக் கோடையில்.
படித்திருந்தால் சொல்லியிருப்பான்.
படிக்கவில்லை. குறியிட்டிருந்தான்,
நல்ல பிள்ளையாக, முதல் கட்டத்தில்.
எனக்கு நன்றி அட்டைகூட அனுப்பினான்.

கல்லூரி வேண்டாமென்றது.
அந்த ஒரு வரியாலா என்று யாரும் சொல்லப்போவதில்லை,
அதுவும் உறைக்குள்தான்.

இப்போது அவன் மாநகராட்சியின்
பனி வாரும் வண்டி ஓட்டுகிறான்.
விடிகாலை நாலரைக்கு என் தெருவுக்கு வந்தால்
என் வாசலில் மட்டும் தகட்டைச் சற்றே திருப்பிக்கொள்வான்,
வாரிய பனி என் பாதையை அடைக்காதபடி.

ஐலிக்கான கடிதத்தை நாலு முறை எழுதினேன்.
அச்செடுத்து அவள் முன்னால் வைத்தேன்.
சிறந்த மூளை என்றிருந்தது.
எதிராளியை முடிக்க விடாமல் பேசுவாள் என்றும் இருந்தது.
இரண்டு தடவை படித்தாள்.
அந்த வரியை நான் ஏன் எழுதினேன் என்றால்
என்று தொடங்கினேன்.
"சரியாகத்தான் இருக்கிறது" என்றாள்,
என்னை முடிக்க விடாமல்.

கல்லூரி நம்புமோ என்னவோ.
ஜனவரியில் ஏரி உறைந்தது.

இன்று விடிகாலை
மஞ்சள் விளக்கு சுவரில் சுழன்றபோது
மேலங்கிகூட இல்லாமல் வாசலுக்கு ஓடினேன்.
வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி,
"என்ன மிஸ் ஓஸ்ட்பி, ஏதாவது உடைந்துவிட்டதா?" என்றான்.
என் பையில் அந்தப் பழைய தாள்
நாலாக மடிந்திருந்தது.