ஆமைக்குளம்

ஆயர் ஈத்தாம் பிளாட்டின் பதினோராம் மாடியிலிருந்து
கெக் லோக் சி கோபுரம் தெரிகிறது.
அதன் கீழுள்ள ஆமைக்குளத்துக்கு மட்டும்
இன்னும் நான் போகவில்லை.

தலை வெளியே வந்து
அழாமல், நீலம் பாரித்து,
வந்த வழியே கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டதாம்.
"ஆமை மாதிரி" என்று
பயிற்சி டாக்டர் ஒருத்தி முணுமுணுத்தது
என் காதில்தான் முதலில் விழுந்தது.

தெரான், புவான், தெரான் என்று
அதுவரை முக்கச் சொன்ன மிஸ்ஸி நோர்லீசா
ஜாங்ஙான், முக்காதே என்றாள்.
யாரோ மணியை அழுத்தினார்கள்.
அறைக்குள் எத்தனை பேர்!
இருவர் என் முழங்கால்களை மார்போடு மடக்க
ஒருத்தி கட்டிலில் ஏறி
அடிவயிற்று எலும்புக்கு மேலே
ரொட்டி சானாய்க் கடைக்காரர் மாவை அறைந்து தள்ளுவதுபோல்
இரு கையாலும் அழுத்தினாள்.
சுவரோரம் ஒரு குரல்
நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடம்.
ஒன்றரை.
இரண்டு.
நான் எண்ணிய ஒன்பது மாதமும்
அந்தக் குரலுக்குள் போய் நின்றுகொண்டது.

மூன்றரையில் யாரோ உள்ளே கைவிட்டு
பின்னால் மடங்கியிருந்த கையைத் தேடி எடுத்தார்கள்.
பிறகுதான் மற்றதெல்லாம்.

நாலு கிலோ நானூறு.
"கொழுகொழுன்னு ராஜா" என்று
வெளியே மாமி எல்லாருக்கும் போன் போட்டாராம்.
இனிப்பு நீருக்கு ஊசி குத்திய என் தொடைகளுக்குத் தெரியும்
அந்த ராஜாங்கத்தின் கணக்கு.

தர்ஷ்வினின் இடது கை எழவில்லை.
உள்ளங்கை பின்புறம் திரும்பி
யாருக்கும் தெரியாமல் காசு வாங்குகிறவன் கைபோல்
தொங்கியது.
செவ்வாய்தோறும் பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோ.
நீட்டு, திருப்பு, மெல்ல, மெல்ல.

என் தையல் எத்தனை என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.
தும்மல் வந்தால்
பஸ் ஸ்டாப்பில் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறேன்.
"நான் தோள் கொடுக்கிறேன்" என்கிறான் குணாளன்.
நல்லவன், சாதாரணமாய்த்தான் சொல்கிறான்.
எனக்கோ தோள் என்றால்
எலும்பில் எலும்பு மாட்டிக்கொண்ட
சத்தமில்லாத ஓர் இடம்.

நேற்று நாப்கின் மாற்றக் குனிந்தேன்.
கழுத்துச் சங்கிலி ஊசலாடி
அவன் இடது உள்ளங்கையில் விழுந்தது.
கை உயரவில்லை,
சங்கிலிதான் கைக்கு இறங்கிப் போனது.
விரல்கள் மூடிக்கொண்டன.

விடுவிக்காமல் குனிந்தபடியே இருந்தேன்.
யாரும் கேட்காமலே வாய் எண்ணத் தொடங்கியது.
ஒரு நிமிடம்.
ஒன்றரை.
நான்காவதில் எனக்குத் தும்மல் வந்தது.
கால்களைப் பின்னிக்கொண்டேன்.
அவன் விடவில்லை.