கழிமுகம், ஒத்திகை

நல்ல தாள் ஒன்றுதான் மிச்சம்.
கப்பல்கள் குறைந்த வருடத்தில்
புறக்கோட்டைக் கடைக்காரர்
இழுப்பறைக்குள் இருந்து எடுத்து
வாயால் விலை சொல்லக் கூசி
கணிப்பானில் அடித்துக் காட்டிய தாள்.
அதன் ஓரத்தில் நாலு விரல் அகலம்
வெட்டி எடுத்து வந்திருக்கிறேன்.
கொப்பித் தாளில் ஒத்திகை பார்த்தால்
கொப்பித் தாளின் குணம்தான் தெரியும்.

ஞாயிறு காலை ஆறரை.
மருந்தகம் இன்று பத்துக்குத்தான்.
வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடம்,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
ஒரு கல்லில் நான்,
இன்னொரு கல்லில் யோகட் கோப்பையில் தண்ணீர்.

எனக்குத் தெரிய வேண்டியது சின்ன விஷயம்:
கறுப்புத் தண்ணீர் எந்த இடத்தில் கடலாகிறது?
கண்ணுக்கு ஒரு கோடு தெரிகிறது.
தூரிகையைக் கொண்டுபோனால்
அங்கே கோடு இல்லை.

முதல் கட்டத்தில் அவசரப்பட்டேன்.
தாளின் பளபளப்பு அடங்குமுன்
கால்வாயைக் கடலுக்குள் விட்டேன்;
நடுக்கடலில் பூக்கோவா பூத்தது.
அடுத்ததில் பொறுமை கூடிப்போய்
காய்ந்த கடலும் காய்ந்த கால்வாயும்
எல்லை வழக்குப் போட்ட அயலவர் மாதிரி
முகம் பார்க்காமல் நின்றன.

இந்த உப்புக் காற்றில்
எதுவும் சொன்ன நேரத்துக்குக் காய்வதில்லை.
புத்தகத்தில் போட்டிருக்கும் நிமிடங்கள்
வேறு யாரோ ஊரின் நிமிடங்கள்.
ஆகவே பென்சிலால் ஓரத்தில் எழுதுகிறேன்:
பாணந்துறை ரயில் போனதும் நனை.
கோட்டை ரயில் வரமுன் தொடு.
அல்ட்ராமரீன் குறை. இன்னும் குறை.

நுரைக்கு நிறம் இல்லை.
பெட்டியில் இருந்த ஒரே வெள்ளைக் குழாய்
கல்லாய் இறுகிப் போன ஆண்டு எதுவோ.
எங்கே தொடக்கூடாது என்று
கையைப் பழக்குகிறேன்.
மூன்றாம் முறையும் கை மறக்கிறது.

பாறை நுனியில் அலோசியஸ் அண்ணர்,
பேசாலைக்காரர்,
கட்டி முடியாத தொடர்மாடிக்கு இரவுக் காவல்.
சீருடைச் சட்டையை மடித்துக் கல்லில் வைத்துவிட்டு
பெனியனோடு தூண்டில் போட்டிருக்கிறார்.
இதுவரை பட்டது ஒரு பொலித்தீன் பை.
கபரக்கொய்யா ஒன்று மெதுவாக வந்து
அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.
அதுக்கும் அவரைத் தெரியும் போல.

வந்து குனிந்து பார்த்தார்.
"நான் எங்க?"
"இதில நீங்கள் இல்லை அண்ணை. இது சும்மா பழக.
பெரிசில வருவீங்கள்."
"பெரிசு எப்ப?"
"அடுத்த ஞாயிறு."
அவர் கடலைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார்.
"புதன்கிழமையோட ராஜகிரியவுக்கு மாத்துறாங்கள்.
இதிலயே போட்டு விடும்."

பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு.
ஈரம் இருக்கும்போதே நீலம் அரைப் பொட்டு.
தூண்டில் கம்பை நகத்தால் கீறினேன்.
யோசிக்காமல் வைத்ததாலோ என்னவோ
அன்று காலை முழுவதிலும்
அது ஒன்றுதான் சரியாக விழுந்தது.
"வயிறு சரி," என்றார்.
"மீனையும் ஒண்டு போட்டிருக்கலாம்."

அடுத்த ஞாயிறு.
இரவு முழுக்க மழை பெய்து
கால்வாய் தேயிலைச் சாயமாய் வருகிறது.
நான் பழகிய கறுப்பு எங்கும் இல்லை.
கோடு இருபது முழம் தள்ளிப் போயிருக்கிறது.
பாறை நுனியில் யாரோ ஒரு பெடியன்
காதில் வயரைச் செருகிக்கொண்டு நிற்கிறான்.

பலகையின் மூலையில் துண்டைக் கவ்வி வைத்தேன்.
பாணந்துறை ரயில் போயிற்று.
கோப்பைத் தண்ணீரில் அதன் நடுக்கம் அடங்கும்வரை இருந்து
அகலத் தூரிகையால்
பெரிய தாளை நனைக்கத் தொடங்கினேன்,
அவர் நின்ற இடத்தை மட்டும் தொடாமல்,
கபரக்கொய்யா போன மாதிரி
சுற்றிக்கொண்டு.