துவைக்காத சட்டை

ராவ்னாவில் நான்தான் தபால்காரி.
எந்த வீட்டு வேலியில் எந்தப் பலகை உளுத்தது என்று
எனக்குத் தெரியும்.
வெல்டா வீட்டு வேலியை
மான்கள் ஒருநாளும் மதித்ததில்லை.

சவுக்காரத் துண்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள்.
நேர் கீழே நின்றுகொண்டே
ஸ்ட்ராபெரித் தளிரை மேய்ந்துவிட்டுப் போயின.
பழைய சி.டி.க்களை மாட்டினாள்.
மின்னியதைத் திருவிழா என்று நினைத்திருக்க வேண்டும்,
மறுநாள் குட்டிகளையும் கூட்டி வந்தன.
சலூன்காரி ஐனா ஒரு மூட்டை முடி கொடுத்தாள்.
ஊரில் பாதிப்பேர் அதற்குள் இருந்தோம்,
என் நரையும்தான்.
குருவிகள் கூட்டுக்கு எடுத்துப்போயின.

பலித்தது ஒன்றுதான்:
அக்ரிஸ் மரம் அறுத்துவிட்டு வந்து
கழற்றிப் போடும் சட்டை.
ஆப்பிள் கன்றின் மேல் மாட்டினால்
மூன்று வாரத்துக்கு ஒரு குளம்படி இருக்காது.
"கட்டிக்கொண்ட எனக்கே மூச்சு முட்டுது,
மானுக்குக் கேட்கணுமா" என்பாள்.

அக்ரிஸ் அயர்லாந்துக்குப் போனான், காளான் பறிக்க.
ஒரு சட்டையை விட்டுப் போனான்.
ஜூன் மழை அதை அலசிக்கொண்டே இருந்தது.
ஜூலையில் பீட்ரூட் பாத்தி மொட்டை.

போனில் அவள் கத்தியது
சாலை வரை கேட்டது:
"பணம் அப்புறம் அனுப்பு,
முதலில் ஒரு சட்டை அனுப்பு.
துவைக்காதே. கேட்குதா? துவைக்காதே!"

பதினோரு நாளில் பொட்டலம் வந்தது.
கையெழுத்து வாங்கினேன்.
கிளம்பியிருக்கலாம், இன்னும் மூன்று வீடு பாக்கி.
நின்றேன்.

நீலக் கட்டம் போட்ட சட்டை.
காலர் விறைப்பாக,
கைகள் பின்னால் மடங்கி,
ஏதோ பூ வாசம், லாவண்டராக இருக்கும்.
மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை.

இஸ்திரிப் பெட்டியின் எந்தப் பக்கம் சுடும் என்றே
அக்ரிஸுக்குத் தெரியாது.
அது ஊருக்கே தெரியும்.
நான் வாய் திறக்கவில்லை.
அவள் காலரை ஒருதரம் முகர்ந்தாள்,
இன்னொரு தரம்.

இருந்தும் மாட்டித்தான் பார்த்தாள்.
அன்றிரவே நான்கு முட்டைக்கோஸ் காலி.
சட்டைக் கையையும் ஒரு மான் மென்று பார்த்திருக்கிறது.
புல்லில் ஒரு பொத்தான்.

ஆகஸ்டில் நான் போனபோது
வெல்டா விறகு பிளந்துகொண்டிருந்தாள்.
கன்றின் மேல் அவளுடைய பனியன்,
அக்குளில் உப்பு
வரிவரியாய் வெளுத்து.
எத்தனை நாள் உடுத்தியது என்று கேட்கவில்லை.
கேட்டருகிலேயே பதில் வந்துவிட்டது.

பாத்தியில் தடம் இல்லை.
"எனக்கு ஏதாவது?"
இருந்தது. அயர்லாந்து ஸ்டாம்ப்.
"பெட்டியில் போடு" என்றாள்,
அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தபடி.