கூண்டு எண்

மூன்றாம் கட்டம் வரை எழுதிவிட்டுப்
பேனாவை மூடினேன்.
பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
தடுப்பூசிப் பெட்டியின் கதவில்
திறக்காதே என்று ஒட்டியிருக்கிறார் நர்ஸ் டெல்மா.
அடியில், பென்சிலில்: நான் உட்பட.

சென்னையிலிருந்து வந்த மாதிரிப் படிவத்தில்
காய்ச்சல் ஒழுங்காகப் படியேறுகிறது.
முதலில் பறவைகளிடம்.
அப்புறம் பறவையைத் தொட்டவரிடம்.
அப்புறம் தொட்டவர் வீட்டில்,
அடுத்த தெருவில், ரயிலில்.
எந்தப் படியில் யார் யாருக்குப் போன் செய்வது,
எத்தனை கட்டில், எத்தனை முகக்கவசம்,
எந்தப் பள்ளிக்கூடத்தை முதலில் பூட்டுவது.
முன்னேற்பாடு என்ற சொல்லை
இதுவரை பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகக் கம்பத்தில்
ஒன்றாம் எண் கூண்டு.
எங்கோ தூரத்தில் ஏதோ சுழல்கிறது.
இங்கே நல்ல வெயில்.
கிழிந்த வலைக்குக் கண் போட்டுக்கொண்டிருக்கும் கிதியோன்
நிமிர்ந்து கம்பத்தைப் பார்க்கிறார், குனிகிறார்.
அவருக்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை.
இந்த எண்ணுக்கு வலையைச் சுருட்டு,
அந்த எண்ணுக்கு வள்ளத்தை மேலே இழு,
அதற்கும் மேல் போனால்
பிள்ளைகளைத் தூக்கு.

போன மாதம் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழியில்
இரண்டு பூநாரைகள் செத்துக் கிடந்தன.
கால்நடைத் துறையினர் கையுறையோடு வந்து
பஞ்சில் ஒற்றி எடுத்துப் போனார்கள்.
ஒன்றுமில்லை என்று கடிதம் வந்தது,
மூன்று வாரம் கழித்து.
அந்த மூன்று வாரமும் நாங்கள் இருந்தது
எந்தக் கட்டத்தில்?
படிவத்தில் அதற்கு வரி இல்லை.

மின்சாரம் நீண்ட நேரம் இல்லாவிட்டால்
ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கலாம்
என்று எழுதி, கேட்கப் போனேன்.
மீனுக்குப் போக மிச்சம் தருவேன் என்றார் அபுதாகிர்.
எழுத்தில் கொடுங்களேன் என்றேன்.
மீனுக்கே நான் எழுத்தில் கொடுத்ததில்லையே என்றார்.

சின்னப்பாலத்தில் கூட்டம் போட்டோம்.
பாசி எடுத்துவிட்டு ஈரப் பாவாடையோடு
பின்வரிசையில் நின்ற முனியசெல்வி கேட்டார்:
"அஞ்சாம் கட்டம்னா வீட்டுக்குள்ளயே இருக்கணுமா சார்?
கூண்டு ஏத்துனா ரெண்டு மூணு நாள்ல இறக்கிருவாக.
ஒங்க கூண்டு எத்தனை நாளைக்கு?"
பன்னிரண்டு வாரம் ஆகலாம்,
தணிந்து மறுபடியும் வரலாம்,
அலை அலையாக வரும் என்றேன்.
அலை என்றதும் யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
பன்னிரண்டை ஏழால் பெருக்கி,
ஒரு நாள் பாசிக் காசால் பெருக்கி,
உதடு அசைய
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் மூன்றாம் எண் ஏற்றினார்கள்.
புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது.
நான்கு நாள் கரையில் கிடந்தவர்கள்
துறைமுக ஆபீஸ் வாசலில் நின்று
ஏற்றியவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.
அவன் கேட்டுக்கொண்டே கயிற்றைத் தளர்த்தி
கூண்டை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான்.
பொய்த்த கூண்டு அது.
பொய்க்காமல் போயிருந்தால்
திட்ட வந்தவர்களில் பாதிப் பேர் இல்லை.

எனக்கும் அந்தத் திட்டு வேண்டும்.
திட்டம் பலித்தால்
மிஞ்சுவது திட்டுதான்:
எதற்கு இத்தனை கட்டில்,
எதற்குப் பள்ளியை மூடினாய்,
யாருக்கு வந்தது காய்ச்சல்?

கரண்ட் வந்துவிட்டது.
டெல்மா கதவைத் திறந்து வெப்பமானியைப் படித்தார்:
"ஏழு. எட்டுக்குள்ளதான்."
சொல்லிவிட்டு உடனே மூடினார்.

நான்காம் கட்டம் என்று எழுதினேன், பென்சிலில்.
பாசிக்குப் போகிறவர்களுக்கு அரிசி, பணம்.
யார் தருவது, எந்தக் கணக்கில்?
கேள்விக்குறியை அழிக்கவில்லை.
கலெக்டர் ஆபீஸ் அழித்துக்கொள்ளட்டும்.

இருட்டிவிட்டது. கூண்டு கண்ணுக்குத் தெரியாது என்று
கம்பத்தில் விளக்கு ஏற்றுகிறார்கள்.
கிதியோன் வலையை உதறி
வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்.