பென்சில் சத்தம்

பஃபலோவில், மூடிப்போன மெத்தைக் கடையின் மாடியில்
நாற்பது பேர் காதுக்கருவி மாட்டி உட்கார்ந்திருந்தோம்.
வெளியே ஏரியிலிருந்து பனி
அழையாமலே வந்துகொண்டிருந்தது,
எங்களைப் போல.

காலையில் என் பெயர் மிஸ்டர் கிராண்ட்.
மதியத்துக்கு மேல் மிஸ்டர் எல்லிஸ்.
தொண்டை ஒன்றுதான்,
எல்லிஸ் கொஞ்சம் இருமிக்கொள்வார்.

ஆர்லீன் ட்விக். ஆஷ்டபுலா, ஒஹையோ.
ஆம்புலன்ஸ் ஒன்று, ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு,
ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர்.
கணவர் பிழைக்கவில்லை.
பில் பிழைத்துக்கொண்டது.
ஆஸ்பத்திரி அதை ஒருவனுக்கு விற்றது,
அவன் இன்னொருவனுக்கு.
எங்கள் முதலாளி டாலருக்கு மூன்று சென்ட் கொடுத்து
மூட்டையாக வாங்கினார்,
அழுகல் வெங்காயத்தை ஏலம் எடுப்பதுபோல்
அவிழ்த்துப் பார்க்காமல்.

மூட்டைக்குள் பெயர், எண், தொகை.
கையெழுத்திட்ட தாள் ஒன்றைக்கூட
நான் கண்ணால் பார்த்ததில்லை.

முதல் வாரம் அந்த அம்மாள் அழுதார்.
திரையில் தட்டச்சு செய்தேன்:
அழுகிறார். நல்ல அறிகுறி.

இரண்டாம் வாரம் காலை ஏழரைக்கே அழைத்தேன்.
எட்டுக்கு முன்னால் கூடாது.
வாரண்ட் என்றேன், ஜெயில் என்றேன்.
அதுவும் கூடாது.
பயிற்சியின் முதல் நாள் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்,
இரண்டாம் நாள்
அதை எங்கே வைத்து மறப்பது என்று.

மூன்றாம் வாரம் எடுத்தவுடன்
ஒரு நாற்காலி இழுபடும் ஓசை.
"இருங்கள், நோட்டை எடுக்கிறேன்."
பிறகு கரகரவென்று பென்சில்.

"பத்தொன்பதாவது அழைப்பு. மணி இரண்டு பத்து.
நேற்று கிராண்ட், இன்று எல்லிஸ்.
இருவருக்கும் ஒரே சளி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தூண்டிலைப் போட்டேன்:
அம்மா, முழுத்தொகை வேண்டாம்.
ஐந்து டாலர் போதும். நல்லெண்ணத்துக்கு.

அவர் பதில் சொல்ல நேரமெடுத்துக்கொண்டார்.
பின்னணியில் துவைக்கும் இயந்திரம் சுற்றி, நின்றது.

"ஆறு வருடம் இரண்டு மாதம்.
செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வரும் இலவச வக்கீல்
விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.
இந்தக் கடன் காலாவதி.
ஐந்து டாலர் நான் கொடுத்தால்
செத்தது எழுந்து உட்காரும். சரிதானே?"

மறுப்புக்கு மறுமொழி பதினாறு பக்கம்
என் மேசையில் லேமினேட் செய்து கிடந்தது.
வேலை போயிற்று என்றால் பக்கம் மூன்று,
புற்றுநோய் என்றால் பக்கம் ஏழு.
சரிதானே என்று கேட்டால் என்ன சொல்வது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

"கடன் யாருடையது, எவ்வளவு, எப்படி வந்தது,
எல்லாம் எழுத்தில் அனுப்புங்கள்.
இனி அழைக்க வேண்டாம் என்று
என் கடிதம் நேற்றே பதிவுத் தபாலில் போயிருக்கிறது.
ரசீது இருக்கிறது.
உங்களைத் திட்டப் போவதில்லை, தம்பி.
பெயர் மட்டும் வேண்டும்.
வீட்டில் கூப்பிடுகிற பெயர்."

மேற்பார்வையாளர் இரண்டு வரிசை தள்ளி
யாருக்கோ மணி அடித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.
தடேயுஸ் பியென்கோவ்ஸ்கி.
எழுத்துக்கூட்டச் சொன்னார், கூட்டினேன்.
மூன்று மாதத்தில் அந்த மாடியில் நான் சொன்ன
முதல் உண்மை, அதுவும் வழக்குக்கு ஆதாரமாக.
பென்சில் என் பெயரின் நடுவில் முனை ஒடிந்து,
வேறொன்று தேடி, தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கோப்பு
வேறு மூட்டையில் கட்டப்பட்டு விலைபோனது.
டாலருக்கு அரை சென்ட் என்று கேள்வி.
வாங்கியவனுக்கு நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை,
"நோட்டு வைத்திருக்கிறார்" என்பதைத் தவிர.