பின்கதவு திறந்தபடி

படுக்கவைத்தால் வெடிக்கும் என்றாள் விற்றவள்.
ஆறரை அடி நிலைக்கண்ணாடி, தேக்கு நிறச் சட்டம்,
நாற்பது டொலர், பேரம் இல்லை.
வானுக்குள் குறுக்காகச் சாய்த்து நிறுத்தினோம்.
தலை வெளியே நின்றது.
பின்கதவை மேலே தூக்கி, கயிறு போதாமல்
இன்பரூபன் தன் பெல்ட்டையும் கழற்றிக் கட்டினான்.

"சிவப்பா ஏதும் தொங்கவிடோணும் அண்ணை,
பொலிஸ் மறிப்பான்."
சீட்டுக்கடியில் கிடந்தது என் மகளின் ஒற்றைக் கையுறை.
விரல் பிரியாத சின்னக் கை.
சட்டத்தின் மூலையில் முடிந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவன் மனைவி வருகிறாள்.
நாலு வருடக் காத்திருப்பு, மூன்று முறை திரும்பி வந்த கடிதம்.
பேஸ்மென்ட்டுக்கு மெத்தை, அரிசி வாளி, வெங்காயக் கூடை,
எல்லாம் வாங்கிவிட்டான்.
முகம் பார்க்க ஒன்றுமில்லை என்பது
நேற்றிரவுதான் உறைத்தது.
இத்தனை நாளும் போன் கமராவில் சவரம் செய்தவன்.

ஸ்கார்பரோ, ஃபிஞ்ச் அவெனியூ.
நவம்பர் கடைசி, ஐந்து மணிக்கே இருட்டு.
கண்ணாடியின் முதுகைக் கட்டிப்பிடித்துக் குந்தியிருக்கிறேன்.
டிங், டிங், டிங்,
கதவு திறந்திருக்கிறதாம். வான் சொல்லித்தான்
நாங்கள் அறியவேண்டியிருக்கிறது.
புகை உள்ளே சுழல, அவன் முன்ஜன்னல்களை இறக்குகிறான்.
குளிர் அவனிடம் நுழைந்து என் காது வழியாக வெளியேறுகிறது.
கடதாசி ஒன்று கிளம்பிப் பறக்கிறது.
"என்ன அது?"
"பார்க்கிங் டிக்கெட்."
"கட்டின காசுதான், போகட்டும்."

எங்களுக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார்.
சிவப்பு விழுந்ததும்
தன் ஹெட்லைட்டே தன் கண்ணில் அடிக்க,
அதை அணைத்தாள் அதன் சாரதி.
அப்போதுதான் எனக்கு அவள் முகம் தெரிந்தது,
எங்கள் பிரேக் வெளிச்சத்தில்,
அழுதுகொண்டிருந்த முகம்.

என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கூசிப்போனேன்.
இல்லை.
என் தலைக்கு ஒரு சாண் தள்ளி
கண்ணாடிக்குள் இருந்த தன்னைப் பார்த்தாள்.
மார்க்கம் ரோட்டில் மூக்கைத் துடைத்தாள்.
அடுத்த சிக்னலில் உதடுகள் அசைந்தன:
ஒரு வசனம். தலையாட்டி அழித்தாள். மறுபடி,
இம்முறை இன்னும் சுருக்கமாக.
அதற்கடுத்ததில் நாடியை ஒரு விரற்கடை உயர்த்தி
அதையே சொன்னாள்.
யாரோ ஒருவருக்கு இன்றிரவு அது கிடைக்கும்.
நான் அந்த ஆளாக இல்லாததில்
எனக்கு நிம்மதியாக இருந்தது.

ராப்ஸ்கொட் ரோட்டில் இடப்பக்கம் திரும்பும்போது
கையை உயர்த்தினாள்.
எனக்கா, தனக்கா, தெரியாது.
என் இரண்டு கையும் சட்டத்தில்.
கையுறைதான் ஆடியது, முழு வீதிக்கும்.

வீட்டில், படி வளைகிற இடத்தில் கண்ணாடி வளையவில்லை.
மேல்படியில் நான். கீழே அவன்,
ஒரு கையால் சட்டம், மறு கையால்
பெல்ட் இல்லாத காற்சட்டை.
நடுவில் இறுகி நின்றுவிட்டது,
அவன் பக்கம் பார்த்தபடி.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அண்ணை."
"என்ன?"
"எயர்போட்டில என்னை மட்டுக்கட்டுவாளோ?"

கண்ணாடியின் பின்பக்கம்
பழுப்புப் பலகையும் நாலு ஆணியும்தான்.
அங்கிருந்து எனக்கு என்ன தெரியும்.
"உன்ரை பக்கத்தைக் கொஞ்சம் சரி," என்றேன்,
"தூக்கு."