எட்டா, மூன்றா

சல்மாபாத் கராஜில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவைப்போம்,
உப்புக்காற்று வராமலிருக்க.
அது ஷட்டரைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அறுபத்தொன்றாம் வருஷத்து பெட்ஃபோர்டின் சேசிஸ்
நான்கு ஸ்டாண்டுகளின் மேல் கிடக்கிறது.
இன்ஜின் இல்லை, கேபின் இல்லை,
தண்ணீர் சுமந்த தொட்டி எங்கே போனதோ.
இரண்டு நெடிய இரும்பு, ஐந்து குறுக்கு.
படுக்கவைத்த ஏணி.

முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன்.
ணங் என்ற இடத்தை விட்டுவிட்டு
தொப் என்ற இடத்தையெல்லாம் வெட்டியெறிந்து
தேக் பகதூர் புதுத் தகடு வைத்தான்.
பிறகு இல்யாஸ் மணல் அடித்தான்.
அரை நாளில் கருப்பும் கிரீஸும் உதிர்ந்து
வெளுத்து நின்றது இரும்பு.
அப்போதுதான் தெரிந்தது,
பேட்டரி இருந்த பக்கம் முழுக்க
நண்டு துளைத்த ஈரமணல்.

ஆகஸ்டில் இங்கே இரும்பை அம்மணமாய் விடக்கூடாது.
டீ குடித்துத் திரும்புவதற்குள்
மஞ்சள் தூவினாற்போல் புதுத் துரு பூத்துவிடும்.
டீயை மறந்து பிரைமர் அடித்தோம்.

அதன் பின் எட்டு நாள் புட்டி.
ஒவ்வொரு குழியிலும் தகட்டால் அழுத்தி,
காற்றுக்குமிழ் தங்காமல் வழித்து,
காயவிட்டு, எண்பது நம்பர் தாள்,
நூற்றெண்பது, முந்நூற்றிருபது.
கண்ணுக்கு எல்லாம் சமம்தான்.
கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால்
இன்னும் மூன்று பள்ளம்.
தேக் பகதூர் சிரிப்பான்:
அடியில் யார் படுத்துப் பார்க்கப் போகிறார்கள்?
நான்தான் படுத்திருக்கிறேனே.

வலது இரும்பின் முன்முனையில் சேசிஸ் நம்பர்.
ஆறு எண்கள். நான்காவதைத் துரு தின்றிருக்கிறது.
காகிதத்தில் எட்டு.
இரும்பில் பார்த்தால் மூன்று,
அல்லது இடது விலா போன எட்டு.
அபு ராஷித் வெள்ளைக் கையை மடித்துக்கொண்டு
டார்ச் அடித்துப் பார்த்தார்.
கொஞ்சம் புட்டி, ஒரு ஆணி,
இரண்டு வளைவு போட்டால் முடிந்தது, என்றார்.
குரலில் தப்பு எதுவும் இல்லை,
தோபில் பொத்தான் தைக்கச் சொல்வதுபோல.

எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.
என் பாஸ்போர்ட்டில் பிறந்த வருஷம் எழுபத்தெட்டு.
அம்மா பெற்றது எழுபத்துமூன்றில்.
விசாவுக்கு வயது ஏறிவிட்டது என்று
ஏஜென்ட் இரண்டு வளைவு போட்டார்.
காசு தனியாக வாங்கினார்.
அன்றிலிருந்து முழங்கால் ஒரு கணக்கு,
காகிதம் ஒரு கணக்கு.

நம்பரில் மட்டும் புட்டி வைக்கவில்லை.
மெல்லிய பிரைமர் ஒரு கை, அவ்வளவுதான்.
கவுண்ட்டரில் இருப்பவர் படிக்கட்டும், என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்,
பிறகு இல்யாஸிடம் கேபினைப் பற்றிக் கேட்டார்.

இன்று கடைசிக் கறுப்பு.
இரண்டு டின்னைக் கலந்தால் நாற்பது நிமிஷம்
என்று போட்டிருக்கிறது லேபிளில்.
அதை எழுதியவர் பஹ்ரைனில் இருந்ததில்லை.
பதினைந்தில் கட்டியாகிவிடும்.
கலந்து முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.
ஜெனோவா.
கையுறையில் கறுப்பு, மூக்கில் மாஸ்க்.
பெஞ்சில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
தின்னர் டப்பாவில் முட்டி நின்றது போன்.
மறுபடி அடித்தது.
நான் மூன்றாவது குறுக்கின் அடியில் இருந்தேன்.

கூப்பிட்டபோது கோபமாகத்தான் எடுத்தாள்.
"லாரிக்குப் பெயிண்ட் அடிக்கவா போனை எடுக்கலை?"
"கட்டியாயிரும், ஜெனோவா."
"நல்லா ஆகட்டும். இன்ஷூரன்ஸ்காரர்
முன்னாடியே உக்காந்திருக்காரு.
உங்க பொறந்த வருஷம் கேக்குறாரு.
எதச் சொல்ல?"

எதிரே கறுப்பு இன்னும் ஈரமாக இருந்தது.
குழல்விளக்கு முழுதாக அதில் தெரிந்தது,
நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும்
கொஞ்சம் நெளிந்து.
"அவருக்கு டீ குடு," என்றேன்.